அந்த ஊரில் இருக்கும் மகனுக்கு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் சுகம். அம்மாவின் முழங்கால் முன்னையதைவிடப் பரவாயில்லை. எனக்குச் சீனி கொஞ்சம் கூடியிருக்கிறதாம். டொக்டர் சொன்னார், நான் கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

போனில் கதைக்காமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ "ஓம் அப்பா, ஓம் அப்பா, பிறகு எடுக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க ஏலாது. அதுவும் தமிழில் எழுதினால் நீ எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் வாசிப்பாய். மெதுவாகவே வாசி.

கவரில் விலாசம் எழுதும்போது அந்த ஊர்ப் பெயரை என் கையால் எழுத வேண்டி வந்தது. இருபத்திரண்டு வருஷத்துக்கு மேலாக நான் அந்தப் பெயரை வாயால்கூடச் சொன்னதில்லை. அம்மாவை எழுதித் தரச் சொன்னேன். "பெற்ற பிள்ளை இருக்கிற ஊரின் பேரை எழுத உங்களுக்கு என்ன வருத்தம்" என்று பேசினா. எழுதினேன். போஸ்ட்கோடைப் பெரிதாகவும் ஊர்ப் பெயரைச் சின்னதாகவும் எழுதியிருக்கிறேன். வந்து சேர்ந்தால் தபால்காரரின் கெட்டித்தனம்.

முதலில் ஒன்று. கார் டயரில் காற்றுப் பார்த்தாயா? இந்தக் குளிருக்குக் காற்று இறங்கும். விடியப்புறம் எம்1 பெருந்தெருவில் ஐஸ் கிடக்கும். வேலைக்குப் பிந்தினாலும் பரவாயில்லை, ஆறுதலாக ஓடு.

தைப்பொங்கலன்று நீ அனுப்பிய படம் பார்த்தோம். பொங்கல் வடிவாகத்தான் வந்திருக்கிறது. அம்மா படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தா. பின்னால் தெரிகிற சுவர் சட்டனில் இருக்கிற உங்கள் வீட்டுச் சுவர் மாதிரி இல்லை. யன்னலுக்குத் திரை போடவில்லை. மேசையில் ஒரு கோப்பை, பக்கத்தில் ஒரு கதிரை. அதுவும் மடக்குக் கதிரை. வாரநாளில் தங்க ஓர் அறை எடுத்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தாய், சரி. வேலைக்குக் கிட்ட இருப்பது வசதிதான். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறா.

போன வெள்ளிக்கிழமை எஃப்ரா றோட் பிள்ளையார் கோயிலுக்கு மருமகளும் குட்டியும் வந்திருந்தார்கள். மருமகள் மெலிந்துவிட்டாள். குட்டி அப்பம்மாவின் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். சின்னப் பிள்ளைகள் சொல்வதையெல்லாம் நாங்கள் பெரிதாக எடுப்பதில்லை. இரண்டு மோதகம் கையில் கொடுத்து அனுப்பினேன்.

இரவில் என்ன சாப்பிடுகிறாய்? கடைச் சாப்பாட்டை நெடுகச் சாப்பிடாதே. அரிசி மா புட்டு ஒரு பக்கெற் வாங்கி வைத்தால் பத்து நிமிஷத்தில் அவியும்.

சரி, நம் விம்பிள்டன் கிளப்பின் பந்தடிக்கு வருகிறேன். ப்ளவ் லேன் மைதானத்தில் உன் கதிரை இந்த வருஷம் முழுக்க வெறுமையாகக் கிடக்கிறது. சீசன் ரிக்கற்றைக் கோடையில் நான்தான் புதுப்பித்தேன், உன்னிடம் சொல்லவில்லை. அந்தக் கதிரை ஆள் இருக்காவிட்டால் 'டப்' என்று மேலே மடிந்துவிடும். மடிந்து கிடப்பதைப் பார்க்க எனக்கு ஏலவில்லை. தேத்தண்ணிப் போத்தல் பையை அதில் வைக்கிறேன், அந்தப் பாரத்துக்கு மடியாமல் நிற்கிறது. முன் வரிசையில் இருக்கும் கிழவர் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்து "பெடியன் எங்கே" என்று கேட்பார். "வேலை" என்று சொல்வேன். இந்த வருஷம் எத்தனை முறை சொல்லிவிட்டேன் என்று எண்ணவில்லை. இப்போது அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். அதுதான் கரைச்சலாக இருக்கிறது.

செப்டம்பரில் வாண்டில் ஆறு பெருகி மைதானத்துக்குள் வந்தபோது உனக்குப் போன் எடுத்தேன், நீ எடுக்கவில்லை. புல்தரையின் ஒரு பகுதி அப்படியே குழியாக இறங்கிப்போனது. நியூகாசிலோடு இங்கே நடக்க இருந்த லீக் கப் ஆட்டத்தை அவர்களுடைய ஊருக்கே மாற்றினார்கள். படத்தைப் பார்த்ததும் எனக்கு வயிறு பற்றி எரிந்தது. எத்தனை வருஷம் அலைந்து வந்து சேர்ந்த இடம். பிறகு ஆட்கள் காசு சேர்த்தார்கள், ஒரு லட்சம் பவுணுக்கு மேல் சேர்ந்தது. நானும் போட்டேன். எவ்வளவு என்று அம்மாவுக்குச் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. குட்டியின் பேரில் வாங்கிய ப்ளவ் லேன் கடன் பத்திரமும் அப்படித்தான். அதுவும் நம் இருவருக்குள் இருக்கட்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை இரவை நீ மறந்திருக்க மாட்டாய். 1991-இல் விட்டுப் போனவர்கள் 2020 நவம்பர் 3-ஆம் தேதி ப்ளவ் லேனுக்குத் திரும்பி வந்தோம். பழைய மைதானம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். புதியது அதிலிருந்து கூப்பிடு தூரத்தில், நாயோட்டம் நடந்த காணியில். இருபத்தொன்பது வருஷம் காத்திருந்து, கடைசியில் கதவு திறக்கிற நாளில் கொரோனா வந்து நின்றது. பார்க்க ஒருத்தருக்கும் உள்ளே போக அனுமதி இல்லை. இப்படி ஒரு பகிடியை நம் பிள்ளையாரால்தான் விட முடியும்.

நீ சட்டனில் லப்டொப்பில் பார்த்துக்கொண்டு போனில் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் முகக்கவசத்தோடு வெளியே நடைபாதையில் நின்றேன். இன்னும் நாலைந்து பேர் தள்ளித் தள்ளி நின்றார்கள், ஆளுக்கு ஆள் கதைக்கவில்லை. வெளிச்சம் மட்டும் மேலே தெரிந்தது. உள்ளே சனம் இல்லாததால் எல்லாம் கேட்டது. பந்தை உதைக்கிற சத்தம், கோலி கத்துகிற சத்தம், விசில். திடீரென்று ஏழெட்டுப் பேர் ஒன்றாகக் கத்தினார்கள். "கோல்" என்றேன். "இல்லை அப்பா, பந்து இன்னும் நடுவில்தான்" என்றாய். "பொறு" என்றேன். மனதுக்குள் எண்ணினேன். இருபதோ முப்பதோ எண்ணியிருப்பேன், நீ போனில் கத்தினாய், "ஜோ பிகட்! ஜோ பிகட்!" பின்னால் மருமகள், "குட்டி நித்திரை, மெல்லக் கத்துங்கோ" என்று சிரித்துக்கொண்டு சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. டொன்காஸ்டரோடு 2-2. அதன் பிறகு எது நடந்தாலும் முதலில் எனக்குத்தான் தெரிந்தது. திரையில் பார்க்கிறவனுக்கு முன்னால் மதிலுக்கு வெளியே நிற்கிறவனுக்குக் கேட்டுவிடும் என்று அன்றுதான் கண்டேன்.

இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. விடு.

அடுத்த வருஷம் ஓகஸ்டில் நாங்கள் எல்லாரும் உள்ளே போனோமே, போல்டனோடு, 3-3. குட்டி காதைப் பொத்திக்கொண்டு உன் மடியில் இருந்தாள். கோல் விழுந்தபோதெல்லாம் என் முகத்தைப் பார்த்து, நான் சிரித்தால்தான் சிரித்தாள். அன்று வீட்டுக்கு நடந்து வந்தோம். ரயில் இல்லை, பஸ் இல்லை, நடை. சொந்த மைதானம் என்றால் எனக்கு அதுதான், முடிந்ததும் நடந்து வீட்டுக்கு வருவது. செல்ஹர்ஸ்ட் பார்க் காலத்தில் அது இல்லையே. ப்ளவ் லேனில் கடைசி ஆட்டத்தில் கிறிஸ்டல் பேலஸிடம் 0-3 என்று அடி வாங்கிவிட்டு, அதே பேலஸின் மைதானத்துக்கு வாடகைக்குப் போனோம். தோற்ற வீட்டிலேயே போய்க் குடியிருந்த மாதிரி. எவர்டனோடு அந்த ஜனவரி இரவு ஞாபகம் இருக்கிறதா? 1993. வந்தவர்கள் 3,039 பேர். பிரீமியர் லீக் ஆட்டம் ஒன்றுக்கு அவ்வளவு குறைவாகச் சனம் அந்தக் காலத்தில் வந்ததே இல்லை என்று பேப்பரில் போட்டார்கள். அதில் இரண்டு பேர் நானும் நீயும். உனக்கு ஐந்து வயது. குளிருக்கு உன்னை என் கோட்டுக்குள் விட்டுப் பொத்தானைப் பூட்டினேன். உன் தலை மட்டும் வெளியே தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர் "இவனையும் சேர்த்து எண்ணினார்களா" என்று கேட்டார்.

1988 எஃப்.ஏ. கப் இறுதியாட்டக் கதையை எழுதவில்லை. சான்செஸ் தலையால் போட்டது, லிவர்பூல் வாயடைத்து நின்றது எல்லாம் உனக்குப் பாடம். பீசன்ட் அந்தப் பெனால்டியைத் தட்டிய நேரத்தில் வீட்டில் நடந்தது உன் நெற்றியில் இருக்கிறது. அதை இனிமேல் எடுக்கக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறா.

டயரை மறக்காதே. ஸ்பெயர் டயரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உன்னைப் பற்றி நான் வெளியே பெருமையாகத்தான் கதைக்கிறேன், அதையும் தெரிந்துகொள். கோயிலடியில் யார் கேட்டாலும், மகன் பெரிய பொறுப்பில் இருக்கிறான், ஐம்பது பேரைப் பார்க்கிறான் என்று சொல்வேன். ஆனால் ஐம்பது பேரைப் பார்க்கிறவன் கிழமைக்கு ஒருக்கா அம்மாவோடு ஐந்து நிமிஷம் கதைக்கலாம். போனைச் சார்ஜில் போட மறந்துவிட்டேன் என்று சொல்கிற வயதா உனக்கு? வரப்போகிற ஐப்பசியில் முப்பத்தெட்டு.

இனி எழுதப்போவதை இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். மூன்றாம் தரம் இது.

2002 மே 28. மூன்று பேர் இருந்த குழு, இரண்டுக்கு ஒன்று என்று வாக்குப் போட்டு, கிளப் 56 மைல் தள்ளி அந்த ஊருக்குப் போகலாம் என்று தீர்ப்புச் சொன்னது. விம்பிள்டனில் இன்னொரு கிளப் தொடங்குவது உதைபந்தாட்டத்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்றும் அந்த அறிக்கையில் ஒரு வசனம் இருந்தது. நீ அதை வெட்டிச் சுவரில் ஒட்டினாய். ஐந்து கிழமை போகவில்லை, சனம் புதுக் கிளப்பைத் தொடங்கி ஆட்டக்காரரையும் தேடத் தொடங்கிவிட்டது. ஜூன் 29, சனிக்கிழமை, விம்பிள்டன் கொமனில் தேர்வு. எந்தக் கிளப்பிலும் இல்லாத யாரும் வரலாம். நீ பார்க்கவாவது போகிறேன் என்று கேட்டாய். நான் விடவில்லை. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம், பரீட்சை வருகிறது என்றேன். நீ விடாமல் கேட்டாய். நான் சொன்ன வார்த்தை அப்படியே ஞாபகம் இருக்கிறது: "போனது போனதுதான். போனதைப் பிடித்துத் தொங்குகிறவன் உருப்பட மாட்டான்." நீ கதவை அடித்துச் சாத்தினாய். அந்தக் கதவின் பிணைச்சல் இன்றைக்கும் சரியில்லை.

இப்போது கேள். அன்று நான் வேலைக்குப் போகவில்லை.

உன்னைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, பெற்றோல் நிலைய உடுப்போடு, மேலே ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு கொமனுக்குப் போனேன். இருநூற்று முப்பது பேரளவில் வந்திருந்தார்கள். நல்ல ஆட்டக்காரரும் இருந்தார்கள். வயிறு முன்னால் வர, மூச்சு வாங்க ஓடினவர்களும் இருந்தார்கள். ஒரு பெடியன் கண்ணாடியைக் கயிற்றால் தலையில் கட்டிக்கொண்டு ஓடினான். பந்து காலில் படவே இல்லை, ஆனாலும் அவன் நிற்கவில்லை. சனம் கோட்டோரம் நின்று எல்லாருக்கும் கை தட்டியது. ஒரு தகப்பனும் மகனும் புல்லில் இருந்து ஒரே பெட்டியிலிருந்து எடுத்துச் சாப்பிட்டார்கள். பெடியனுக்கு உன் வயது. கழுத்தில் நீலமும் மஞ்சளும். நான் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றேன். யாருக்கு ஒளித்தேன் என்று இன்றும் தெரியவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் ஒருத்தரும் அங்கே வரப்போவதில்லை.

ஒன்றரை மணித்தியாலம் நின்றேன். பிறகு வந்து உன்னை ஏற்றினேன். என் சப்பாத்தில் புல் ஒட்டியிருந்ததை நீ பார்த்துவிட்டாய். "பெற்றோல் ஸ்டேஷனில் எங்கே அப்பா புல்" என்று கேட்டாய். கார் கழுவுகிற இடத்தடியில் என்றேன். நீ என்னைப் பார்த்தாய், பிறகு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். நீ நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் எங்கே போயிருப்பேன் என்று நீ நினைத்தாயோ, அதைக் கேட்க எனக்கு இத்தனை வருஷமாகத் துணிவில்லை.

ஏன் உன்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை? அந்த வருஷம் சித்திரையில்தான் யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 பாதை திறந்தது. இங்கே எல்லா வீட்டிலும் ஊருக்குப் போகிற கதைதான். பெரியப்பா போனார். நம் காணி பாதுகாப்பு வலயத்துக்குள், முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பனைகளை மட்டும் பார்த்துவிட்டு வந்தார். அப்பம்மா என்னை வரச் சொல்லி மூன்று கடிதம் போட்டா. லீவு இல்லை என்று எழுதினேன். லீவு இருந்தது, தம்பி. பதினெட்டு நாள் இருந்தது. கம்பிக்கு வெளியே போய் நிற்க எனக்கு ஏலாது என்று அவவுக்கு எழுதத் தெரியவில்லை. அடுத்த மாசியில் அவ போய்விட்டா. திரும்பிப் போகலாம் என்று நம்புகிற யாரைக் கண்டாலும் எனக்கு அப்போது எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலில் அகப்பட்டவன் நீ. பதினாலு வயதுப் பிள்ளை பந்தடி பார்க்கக் கேட்டதற்கு, நான் எங்கேயோ சொல்ல வேண்டிய பதிலை உனக்குச் சொன்னேன்.

நீ அதற்குப் பிறகு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. களவாகப் புதுக் கிளப் ஆடிய கிங்ஸ்மெடோ மைதானத்துக்குப் போனாய். களிசான் பைக்குள் ரிக்கற் துண்டு இருந்ததை அம்மா தோய்க்கும்போது எடுத்துத் தந்தா. நான் அதைக் காயவைத்துத் திரும்ப உன் மேசை லாச்சிக்குள் வைத்தேன். 78 லீக் ஆட்டம் தோற்காமல் போனதை நீ எனக்குச் சொல்லவில்லை, நான் பேப்பரில் பார்த்தேன். 2011-இல் மஞ்செஸ்டரிலிருந்து போன் எடுத்து, கெட்வெல் கடைசிப் பெனால்டியைப் போட்டுவிட்டான், லீக்குக்குள் வந்துவிட்டோம் அப்பா என்று அழுதாயே, அன்றுதான் ஒன்பது வருஷத்துக்குப் பிறகு நீ எனக்கு ஒன்றைச் சொன்னாய். நான் கவுண்டரில் நின்றேன். வரிசையில் ஆட்கள். "நல்லது மகன், கவனமாக வா" என்று வைத்துவிட்டேன். அதுவும் என் பிழை.

ஆகவே நீ இப்போது எதையாவது சொல்லாமல் வைத்திருந்தால், பழகினது என்னிடம்தான் என்று எனக்குத் தெரியும்.

மேல் அறையில் ஹீற்றர் போட்டுத்தான் வைத்திருக்கிறோம். பூட்டிக் கிடந்தால் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதற்காக. அம்மா போர்வை இரண்டையும் தோய்த்து வைத்திருக்கிறா, அதுவும் சும்மாதான். பிணைச்சலை இந்தக் கிழமை மாற்றப்போகிறேன்.

அடுத்த சனிக்கிழமை ஆட்டம் வீட்டில்தான், மூன்று மணிக்கு. வர முடிந்தால் வா. முடியாது, வேலை என்றால் சரி, ஒன்றுமில்லை. அப்படியானால் ஞாயிறு காலை நான் அங்கே வருகிறேன். அந்த ஊரில் கால் வைக்க மாட்டேன் என்று பிள்ளையாருக்கு முன்னால் சொன்னவன்தான், அதை அவரோடு நான் பார்த்துக்கொள்கிறேன். எம்1-இல் பதினாலாம் சந்தி என்று பெரியப்பாவின் மூத்தவன் சொன்னான். கராஜில் மடக்குக் கதிரை இரண்டு சும்மா கிடக்கிறது, காரில் ஏற்றிவிட்டேன். அம்மா இரவே புட்டு அவித்துத் தருவா. காரை எங்கே விடுவது என்று மட்டும் ஒரு வரி அனுப்பு.

அன்புடன்,
அப்பா